பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையும் என் இரும்புப் பட்டறையும்

மருதானையிலிருந்து பஞ்சிகாவத்தைப் பக்கம் நடந்தால் பாதையின் இரண்டு பக்கமும் வாகனச் சாமான்தான். எஞ்சின், கியர் பெட்டி, கதவு, முன்விளக்கு எல்லாம் நடைபாதை வரை வந்து கிடக்கும். நான் போகிற கடை பெரிய வீதியில் இல்லை. ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் திரும்பி, டயர் ஒட்டுகிற இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. லொறி, வான்களின் அடிப்பாகச் சாமான் மட்டும்தான் அங்கே இருக்கும்: வில்லுப் பட்டை, சுருள் வில்லு, அச்சு, பிரேக் டிரம். கடைக்காரரை எல்லோரும் நானா என்கிறார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் என்னை மகள் என்பார். கடந்த பதினான்கு மாதத்தில் ஒன்பது தடவை அங்கே போய்விட்டேன். என் பட்டறையில் இருக்கிற இரும்பில் முக்கால்வாசி அவரிடம் வாங்கியது.

எனக்கு வேலை கோட்டையில், ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். வீடு கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி, அங்கே உலை மூட்ட வழியில்லை. வத்தளையில் மாமாவின் பின்வளவில் ஒரு தகரக் கொட்டில் சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை என்று அயலவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். அம்மாவிடம் ஒரு பழைய மீன் வெட்டும் கத்தி இருக்கிறது, ஒருமுறை தீட்டினால் மாதக்கணக்கில் கூர் நிற்கும். புதிதாக வாங்கிய கத்திகள் இரண்டு கிழமைகூடத் தாங்குவதில்லை. இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தேடப் போய்த்தான் இரும்பில் கை வைத்தேன்.

முதலில் வாங்கியது பட்டடை, பழுத்த இரும்பை மேலே வைத்து அடிக்கிற கட்டை. அதிலேயே பிழை விட்டேன். ஒன்லைனில், நீல வண்ணம் பூசிய, 20 கிலோ புதுப் பட்டடை ஒன்று 38,000 ரூபாவுக்கு வந்தது. விளம்பரத்தில் "உருக்கு" என்று இருந்தது. மூன்றாவது கிழமை முகத்தில் சுத்தியல் தடம் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது. ஒரு நாள் குறி தவறி ஓரத்தில் பட்டதும் விரல் நகமளவு சில்லு தெறித்தது. விற்றவர்களுக்கு எழுதினேன். பாவித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது.

அந்தச் சில்லைக் கைக்குட்டையில் சுற்றி நானாவிடம் கொண்டுபோனேன். அதுதான் நான் அந்தக் கடைக்குப் போன முதல் நாள். உடைந்த பக்கத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். சாம்பல் நிறம், சீனி போல மணி மணியாக இருந்தது. பிறகு கிரைண்டரில் ஒரு தொடு தொட்டார். தீப்பொறி கருஞ்சிவப்பாக, குறுகலாக வந்து உடனே அணைந்தது.

"மகள், இத யாரு ஒங்களுக்கு வித்த? இது தையல் மெசின் காலுக்கு ஊத்துற இரும்பு."

வார்ப்பிரும்பு. காபன் மிக அதிகம், அடி தாங்காது, நொறுங்கும். அப்புறம் அவர் ஒரு கட்டுமானக் கம்பித் துண்டை அதே சக்கரத்தில் பிடித்துக் காட்டினார். பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில் ஓடியது, கிளை அதிகம் இல்லை. அதுதான் காபன் குறைந்த மென்னிரும்பு. மூன்றாவதாக ஒரு பழைய அரம். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பொறி வெடித்து மத்தாப்பூ மாதிரி விரிந்தது, அது காபன் கூடிய உருக்கு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் இணையத்தில் மூன்று மாதம் படித்தது அந்த ஐந்து நிமிடத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சாமான் எதையும் நான் இன்னும் வாங்கவில்லை. வாங்குவேன் என்று அவருக்கு நிச்சயமும் இல்லை. இந்தக் கடையை நான் மதிப்பதற்கு முதற் காரணம் அது.

தொடங்குகிற ஒருவருக்குக் கொம்பு வைத்த பட்டடை தேவையே இல்லை. சுத்தியலுக்கு நேர் கீழே கனமான, கடினமான உருக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். நானா எடுத்துக் காட்டியது ஃபோர்க்லிஃப்டின் தூக்கும் கை. கனம் 40 மில்லிமீற்றர், அகலம் 120. அதில் 35 சென்டிமீற்றர் வெட்டித் தரச் சொன்னேன். 13 கிலோ, கிலோ 450 ரூபா, மொத்தம் 5,850. அதைக் கிடையாகப் படுக்க வைக்காமல், நெட்டாக நிறுத்தித் தென்னங்குற்றியின் அடிப்பாகத்தில் குழி தோண்டி இறுக்கினேன். மேலே தெரிகிற முகம் சிறியது, நான்கு விரல் கொண்டு மறைத்துவிடலாம். ஆனால் அடி விழும்போது 13 கிலோவும் நேர் கீழே நிற்கிறது. ஒரு அங்குலப் பெயாரிங் குண்டை 10 அங்குல உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தேன். 7 அங்குலத்துக்கு மேல் திரும்பி எழும்பியது. நீலப் பட்டடையில் அதே குண்டு 3 அங்குலம் தாண்டவில்லை. பட்டடை வாங்கப் போகிற யாரும் சட்டைப் பையில் அந்தக் குண்டு ஒன்றைக் கொண்டுபோங்கள், கடைக்காரர் சொல்வதைவிட அது சொல்வதை நம்பலாம்.

ரயில் தண்டவாளத் துண்டைப் பட்டடையாக வைத்திருக்கும் படங்கள் நிறைய வருகின்றன. நானாவிடம் கேட்டேன். அது ரயில்வேயின் சொத்து, சீட்டு இல்லாமல் வருகிற துண்டை நான் தொடுவதில்லை, நீங்களும் தொடாதீர்கள் என்றார். சரி, விட்டுவிட்டேன்.

கடையின் பின்பக்கம் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே உண்மையான பழைய பட்டடை ஒன்று இருக்கிறது. வளைந்த அச்சுகளை நிமிர்த்த அவர் அதைத்தான் பாவிக்கிறார், விற்பனைக்கு இல்லை. பக்கத்தில் ஏதோ எழுத்து மங்கலாகத் தெரிந்தது. சுண்ணக்கட்டியைப் படுக்கையாகப் பிடித்து மேலே தேய்த்தேன். பீற்றர் ரைட் என்ற பெயர் எழும்பி வந்தது, கீழே 1, 0, 7 என்று மூன்று இலக்கம். இங்கிலாந்தின் டட்லியில் செய்தது. அந்த இலக்கங்கள் எடை. முதலாவது அந்தர், அதாவது 112 இறாத்தல். இரண்டாவது கால் அந்தர், ஒன்று 28 இறாத்தல். மூன்றாவது மிச்ச இறாத்தல். 112, பூச்சியம், 7 என்று கூட்டினால் 119 இறாத்தல், கிட்டத்தட்ட 54 கிலோ. நானா அவ்வளவு காலமும் அதைத் தொலைபேசி இலக்கத்தின் துண்டு மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தாராம். நான் கணக்குச் சொன்னதும் தராசில் ஏற்றச் சொன்னார். 53 கிலோவும் சொச்சமும் காட்டியது. இத்தனை வருட அடியில் அவ்வளவுதான் தேய்ந்திருக்கிறது.

சுத்தியலை நானாவிடம் வாங்காதீர்கள், அவரிடம் இருப்பது அச்சு கழற்றுகிற பெரிய சம்மட்டிகள். குவாரி வீதி ஹார்ட்வெயார் கடைகளில் ஒரு கிலோ அளவில், ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் ஆப்பு மாதிரியும் உள்ளதைக் கேளுங்கள். நான் 2,400 ரூபா கொடுத்தேன். அதற்கு முன் நாலு இறாத்தல் சுத்தியலால் அடித்து இரண்டு மாதம் மணிக்கட்டு நொந்தது. கனமான சுத்தியல் வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்று நினைத்தேன், ஆனால் பத்தாவது அடியிலேயே கை தளர்ந்து குறி தவறுகிறது. வாங்கி வந்ததும் முகத்தின் கூர் ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரும்பில் பிறை வடிவத் தழும்பு வைக்கும், அந்தத் தழும்பு கடைசி வரை போகாது.

குறடு கடையில் கிடைப்பது அரிது. களனிப் பக்கம் ஒரு கம்மலயில், அதாவது கொல்லன் பட்டறையில், வயதான பாஸ் ஒருவர் தானே அடித்து விற்கிறார். 12 மில்லிமீற்றர் சதுரக் கம்பி பிடிக்க ஒன்று, பட்டை பிடிக்க ஒன்று என இரண்டு வாங்கினேன். ஆனால் முதல் ஆறு கிழமைக்குக் குறடே வேண்டாம். பழைய சோனகத் தெருவில் 10 மில்லிமீற்றர் சதுர மென்னிரும்புக் கம்பி வாங்கி இரண்டடித் துண்டுகளாக வெட்டுவித்தால், ஒரு நுனி பழுத்திருக்கும்போதே மறு நுனியைக் கையால் பிடிக்கலாம். கூராக்குதல், வளைத்தல், முறுக்குதல், துளையிடுதல் எல்லாவற்றையும் அதிலேயே பழகினேன். சமையலறைச் சுவரில் அம்மா தொங்கவிடும் கொக்கிகள் பதினொன்றும் அந்தக் கம்பிதான். கட்டடம் கட்டும் இடத்தில் மிஞ்சுகிற முறுக்குக் கம்பியிலும் பழகலாம். ஆனால் கத்திக்கு அது ஆகாது, அதில் காபன் போதாது, பழுக்கக் காய்ச்சி என்ன தோய்ச்சல் போட்டாலும் இறுகாது, கூர் நிற்காது.

இனி வில்லுப் பட்டை. கத்தி, உளி அடிக்க ஆசைப்படுகிற எல்லோரும் கடைசியில் இங்கேதான் வருகிறார்கள், சிங்களத்தில் துனு கொள என்று கேளுங்கள். சுமார் 0.6 வீதம் காபன் உள்ள உருக்கு. ஜப்பான் வாகனங்களில் இதற்கு எஸ்யூபி 9 என்று பெயர், அமெரிக்கக் கணக்கில் 5160 அதற்கு நெருக்கம். இரண்டிலும் கொஞ்சம் குரோமியம் இருக்கிறது, அதனால் எண்ணெயில் தோய்த்தாலே இறுகிவிடும். பழைய பிரித்தானிய லொறிகளின் பட்டை வேறு, அதில் குரோமியத்துக்குப் பதிலாகச் சிலிக்கன். சூடேற்றும் அளவும் தோய்ச்சலும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஆகவே இந்தப் பட்டை எந்த வாகனத்தினது என்ற கேள்விதான் இந்த வியாபாரத்தில் மிக முக்கியம். பல கடைகளில் எல்லாம் ஒன்றுதான், எடுத்துக்கொண்டு போங்கள் என்பார்கள். நானா அப்படிச் சொல்வதில்லை. தெரிந்தால் வாகனத்தைச் சொல்வார், தெரியாவிட்டால் தெரியாது என்பார். தெரியாததைக் கிலோவுக்கு நூறு ரூபா குறைத்துத் தருவார்.

நான் ஆசைப்பட்டு முதலில் எடுத்தது 12 மில்லிமீற்றர் கனமான லொறிப் பட்டை. ஒற்றைக் கையால் அதை மெல்லிதாக்குவதற்குள் மூன்று ஞாயிறு போய்விட்டது. சின்ன வான்களின் பட்டை 6 அல்லது 7 மில்லிமீற்றர் இருக்கும், தொடங்குகிறவர் அதைக் கேளுங்கள். அப்புறம், வெட்டும்போது காஸ் வெட்டு வேண்டாம், சக்கரத்தால் வெட்டித் தாருங்கள் என்று சொல்லுங்கள். காஸில் வெட்டிய விளிம்பு எரிந்து, இறுகி, குழி குழியாக இருக்கும். அதைத் தேய்த்து எடுக்கவே அரை நாள் வேண்டும்.

கடையில் எனக்கு நேர்ந்த ஒரே குறையும் பட்டையில்தான். நான்காவது தடவை வாங்கிய துண்டை மூன்று மணி நேரம் அடித்துக் கத்தி வடிவுக்குக் கொண்டுவந்து, எண்ணெயில் தோய்த்து, சாம்பல் துடைத்துப் பார்த்தால், நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. விரல் நகம் அதில் மாட்டியது. அது என் தோய்ச்சலில் வந்த வெடிப்பு அல்ல. உடைத்துப் பார்த்தேன், உட்பக்கம் பாதி தூரம் உலைச் சூட்டில் எரிந்த கறுப்புச் செதில் படிந்திருந்தது, மிச்சம் புதிதாக வெள்ளிச் சாம்பலாக மின்னியது. வாகனத்தில் ஓடின காலத்திலேயே களைத்து வெடித்த பட்டை. நடு ஆணித் துளைக்குப் பக்கத்தில்தான் இந்த மாதிரி வெடிப்பு அதிகம் வரும். நானாவிடம் காட்டினேன். ஒரு வார்த்தை தர்க்கமில்லாமல் அதே எடைக்கு வேறு துண்டு தந்தார், என் மூன்று மணி நேரத்துக்காக ஒரு சுருள் வில்லும் தந்தார். இப்போது வாங்குவதற்கு முன் கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்த்து, பெற்றோல் தடவி, துடைத்துவிட்டுச் சுண்ணம் பூசிப் பார்க்கிறேன். வெடிப்பு இருந்தால் பெற்றோல் ஊறி வந்து கோடாகக் காட்டிக்கொடுக்கும். நெருப்புக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள்.

உலையும் இந்தக் கடையில் பிறந்ததுதான். வானின் பிரேக் டிரம் ஒன்று, உள்ளே களிமண் பூசியது. காற்றுக்குப் பழைய கார் ஏசியின் 12 வோல்ட் மோட்டர், அதை நானா பக்கத்துக் கடையில் எடுத்துத் தந்தார். காற்றுக் குழாய்க்கு ஜீஐ குழாய் வேண்டாம், சூடேறினால் அதன் துத்தநாகப் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் வாங்கினால் அன்றிரவு காய்ச்சலும் குளிரும் நிச்சயம். வெறும் கறுப்பிரும்புக் குழாய் கேளுங்கள். பளபளக்கிற ஷொக் அப்சோபர் தண்டையும் உலையில் போடக்கூடாது, அதன் குரோம் பூச்சு எரிந்தால் வரும் புகை இன்னும் கெட்டது. நானாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை, மலிவாகத் தருகிறேன் என்று இரண்டை எடுத்து வைத்தார். காரணம் சொன்னேன், அடுத்த தடவை வந்த ஒரு பெடியனை அவரே தடுத்ததைக் கண்டேன்.

எரிபொருள் சிரட்டைக்கரி. நம் ஊர்க் கொல்லர்கள் காலங்காலமாகப் பாவிப்பது. காஸ் உலை சுத்தம்தான், ஆனால் 2022இல் 12.5 கிலோ சிலிண்டருக்காக வரிசையில் நின்ற பிறகு என் பட்டறையை அதை நம்பிக் கட்ட மனம் வரவில்லை. சிரட்டைக்கரி புகையாது, நல்ல சூடு, காற்றைக் கூட்டினால் மட்டும் பொறி பறக்கும். பருத்திச் சட்டை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், இவை இல்லாமல் மூட்டாதீர்கள். இரும்பைக் காற்று வாய்க்கு அருகே தள்ள வேண்டாம், அங்கே அது எரிந்து மத்தாப்பூவாகச் சிதறும். கரி நாலைந்து அங்குலம் ஆழமாக இருக்க, மேற்பாதியில் படுக்க வையுங்கள்.

ஜூனில் தென்மேல் காற்று கொட்டிலுக்குள் நேராக அடிக்கும். அன்றைக்கு மோட்டரைப் பாதி வேகத்தில் வைத்தாலே போதும். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவையில் இந்தக் காற்றை வைத்தே உருக்குச் செய்திருக்கிறார்கள். மேற்கு நோக்கிய மலைச்சரிவில் உலைகளை வரிசையாகக் கட்டி, துருத்தி இல்லாமல், பருவக்காற்றால் தாதை உருக்கியிருக்கிறார்கள். கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டி, அதே மாதிரி உலை கட்டி இயக்கியும் பார்த்து, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். காலம் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. காற்று கொட்டிலுக்குள் வந்து கரி வெள்ளையாகப் பழுக்கும்போது எனக்கு அந்தச் சரிவுதான் ஞாபகம் வரும்.

வெடிப்பில்லாத துண்டில் அடித்த கத்தியைப் பற்றிச் சொல்கிறேன், இந்தக் கடையின் இரும்புக்கு அதுதான் சான்று. வான் பட்டை, 6 மில்லிமீற்றர். வடிவம் வந்ததும் மூன்று தடவை பழுக்கக் காய்ச்சிக் காற்றிலேயே ஆறவிட்டேன். பிறகு கொட்டிலின் கதவைச் சாத்தி இருட்டாக்கி, செஞ்சூடு ஏறும்போது ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். 770 பாகையில் இரும்பு காந்தத்தைப் பிடிக்காமல் விட்டுவிடும். அதற்கு மேல் இன்னும் ஒரு சாயம் ஏறியதும் சூடாக்கி வைத்த தேங்காய் எண்ணெயில் நுனி முதல் இறக்கினேன். பாவித்த எஞ்சின் எண்ணெய் வேண்டாம், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. வெளியே எடுத்து அரத்தால் உரசினேன். அரம் பிடிக்காமல் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது. அவ்வளவு இறுகினது நொறுங்காமலிருக்க, அன்று மாலையே மாமியின் கேக் ஓவனில் 200 பாகையில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம். தீட்டிய இடத்தில் வெளிறிய வைக்கோல் நிறம் வந்திருந்தது. அம்மா ஐந்து மாதமாக அதில் மீன் வெட்டுகிறா. இரண்டு தடவைதான் தீட்டினேன்.

கடைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சில. ரசீது தர மாட்டார். அட்டை எடுக்க மாட்டார், காசு மட்டும். உள்ளே வெளிச்சம் குறைவு, எல்லாம் கிறீஸ், பழைய உடுப்போடும் கையுறையோடும் போங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் பூட்டு, மற்ற நாளில் காலை பத்துக்கு முன்னே போனால் நின்று கதைக்க அவருக்கு நேரம் இருக்கும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற இரும்பைத்தான் இழுத்துப் போடுவார். 15 கிலோவுக்கு மேல் வாங்கினால் ஓட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சாக்கு விரித்துத்தான் ஏற்ற விடுவார்கள்.

போன சனிக்கிழமை போனபோது வில்லுப் பட்டை அடுக்கில் ஒரு மாற்றம். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வாகனத்தின் பெயர் எழுதியிருந்தது, தெரியாதவற்றில் ஒரு பெருக்கல் குறி. நான் ஒரு முன்பக்கச் சுருள் வில்லு எடுத்தேன், 12 மில்லிமீற்றர் தடிப்பு, 900 ரூபா. ஞாயிறு நிமிர்த்தி இரண்டு உளியும் ஒரு துளையாணியும் அடிக்க வேண்டும்.